சிறு வில்லில் ஐந்து வருடம்

தென்காசியிலிருந்து திருவனந்தபுரம் போகும் பஸ் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலையேறி, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு என்று இறங்கி வரும். நெடுமங்காட்டில் இறங்கி, பொன்முடிச் சாலையில் போகும் இன்னொரு பஸ்ஸில் ஏறினேன். வித்துரா நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். கிழக்கே மேகத்துக்குள் நின்றது அகஸ்தியர்கூடம், 1,868 மீட்டர். எங்கள் அம்பாசமுத்திரத்தில் அதற்குப் பொதிகை என்று பெயர். பிறந்ததிலிருந்து மேற்கே பார்த்துக் கும்பிட்ட மலையை அன்றைக்குத்தான் கிழக்கே திரும்பிப் பார்த்தேன்.

மலையின் இந்தப் பக்கத்து அடிவாரத்தில், மருதாமலையில், ஐசர் இருக்கிறது. இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் என்பது முழுப்பெயர். 2008-ல் தொடங்கியபோது திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி வளாகத்தில் இடம் கொடுத்திருந்தார்கள்; பிறகுதான் வித்துராவுக்கு வந்தது. என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த பெண் இங்கே கணிதத்தில் பிஎச்.டி. முடிக்கும் கட்டத்தில் இருக்கிறாள். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முந்தின சினாப்சிஸ் கருத்தரங்கு. “நீங்க வரணும் சார்” என்று போன் செய்திருந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்.

“அஞ்சு வருசமா அப்படி என்ன கணக்குதான் சார் போடுதா? கேட்டா, இன்னும் வரலம்மாங்கா. நீங்களாவது பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

சுற்றிய பீடியை எண்ணிக் கொடுத்து, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் கை அது. ஐந்து வருடம் வேலை செய்தும் எண்ணிக் காட்ட எதுவும் இல்லாத தொழில் எப்படிப்பட்டது என்று அவர் கேட்பது நியாயம். அவருக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும் என்றுதான் போனேன்.

கணிதத் துறைக்குள் முதலில் காதில் விழுந்தது சாக்பீஸ் சத்தம். திறந்திருந்த அறை ஒன்றில் இரண்டு பேர் பலகைமுன் நின்றார்கள். ஒருவர் எழுத, மற்றவர் கையை நீட்டி ஒரு வரியைத் தடுத்தார், கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் நின்றார்கள், எழுதியவரே அழித்துவிட்டார். நான் அந்த வழியாகத் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில், அதே நிலையில் நின்றார்கள். தறிக்கூடத்தில் தறி, பட்டறையில் உலை, இங்கே பலகை. சாக்பீஸைக்கூடப் பார்த்து வாங்குகிறார்கள். ஹகொரோமோ என்ற ஜப்பானிய சாக்பீஸ் இந்தத் தொழிலில் பேர் பெற்றது. தூசி அதிகம் பறக்காது, சட்டென்று முறியாது. அந்தக் கம்பெனி 2015-ல் உற்பத்தியை நிறுத்தியபோது பல நாட்டுக் கணிதப் பேராசிரியர்கள் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினார்கள். இப்போது கொரியாவில் தயாராகிறது. நல்ல உளியைத் தச்சர் இரவல் தர மாட்டார். இவர்களுக்குச் சாக்பீஸ் அப்படி.

அவளுடைய மேசையருகே அலமாரி நிறைய நோட்டுகள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி. அட்டையில் ‘போகாத வழி’ என்று எழுதிய நோட்டுகள் மட்டும் தனி வரிசை. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

“இதுல எவ்வளவும்மா ஆய்வேட்டுல வருது?”

“இதுல ஒண்ணுமே வராது சார். இது எல்லாம் தப்பா போனது. ஆனா இத தூரப் போட்டா திரும்ப அதே வழில போயிருவேன்.”

பிஎச்.டி. என்றால் முதலில் பாட வகுப்புகள், பிறகு ஒரு தகுதித் தேர்வு. அதுவரை நமக்குத் தெரிந்த படிப்புதான். அதற்குப் பிறகு கைடு ஒரு கேள்வி கொடுப்பார், விடை அவருக்கும் தெரியாது. பள்ளியில் நான் கொடுத்த எந்தக் கணக்குக்கும் பின்பக்கத்தில் விடை இருந்தது. இருபத்தாறு வருடம் கற்பித்த எனக்கு, விடை இருக்கிறதா என்றே தெரியாத கணக்கின்முன் ஒரு பிள்ளையை உட்கார வைப்பது எப்படி என்று தெரியாது. வாரம் ஒரு நாள் கைடு முன்னால் பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். மூன்றாவது வரியிலேயே “இது ஏன்?” என்பாராம். அந்த ‘ஏன்’ ஒரு மாதம் ஓடும். ஆசாரி பக்கத்தில் உட்கார்ந்து கை பழகுகிற மாதிரிதான் இது. புத்தகத்தில் முடிந்த நிறுவல் மட்டும் இருக்கும். எந்த வரியில் சந்தேகப்பட வேண்டும் என்பது பக்கத்தில் நிற்பவரிடமிருந்துதான் வரும்.

கருத்தரங்கு மதியத்துக்குப் பிறகு. அவள் சின்ன எண்ணிலிருந்து ஆரம்பித்தாள். அது எனக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். லக்ராஞ்ச் 1770-ல் நிறுவியது. கன எண்களானால்? 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 27 அதற்கு மேலே போய்விடும், ஆகவே 8-ம் 1-ம்தான் கையில் உள்ள காசு. இரண்டு 8, ஏழு 1. மொத்தம் ஒன்பது. எந்த எண்ணுக்கும் ஒன்பது போதும் என்று அதே 1770-ல் இங்கிலாந்தின் எட்வர்டு வாரிங் நிறுவல் இல்லாமல் எழுதிவைத்தார். நிறுவ 1909 வரை ஆனது. வீஃபரிக் செய்தார், அதில் ஓர் ஓட்டை இருந்தது, 1912-ல் கெம்ப்னர் அதை அடைத்தார். அச்சேறிய நிறுவலிலும் ஓட்டை இருக்கும், வேறொருவர் வந்து அடைப்பார். இந்தத் தொழிலில் அது இருவருக்கும் இழுக்கில்லை.

அவளுடைய வேலை பகா எண்களின் அடுக்குகளைக் கூட்டுவது பற்றியது. கருவி, வட்ட முறை. ஹார்டியும் ராமானுஜனும் 1918-ல் ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரித்து எழுதலாம் என்று கணக்கிடக் கண்டது. 5-ஐ ஏழு விதமாகப் பிரிக்கலாம். 200-க்கு அது 3,972,999,029,388. ஏறக்குறைய நான்கு லட்சம் கோடி. கும்பகோணத்துக்காரர் கைபட்ட அந்தக் கருவியை, நூறு வருடத்துக்கு மேல் பல கைகள் தீட்டிய பிறகு, இந்தப் பெண் எடுத்திருக்கிறாள்.

பலகையில் ஒரு வட்டம் போட்டாள். சில இடங்களில் தடித்த கோடு; அவை பெரு வில்கள். மிச்சம் முழுக்கச் சிறு வில்கள். விடை பெரு வில்களிலிருந்து வருகிறது. சிறு வில்களிலிருந்து வருவது விடையைக் கெடுக்காத அளவுக்குச் சிறியது என்று காட்ட வேண்டும். அங்கேதான் கஷ்டம் முழுவதும். பிறகு தனியாகக் கேட்டபோது எனக்கு ஊர்ப் பாஷையில் சொன்னாள்:

“தேர் வடம் மாதிரி சார். பெரு வில்லுல எல்லாரும் ஒரே பக்கம் இழுப்பாங்க, தேர் நகந்துரும். சிறு வில்லுல ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுப்பாங்க, ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிரும். அது சரியாப் போகுதுன்னு நிச்சயமா காட்டணும். நான் அஞ்சு வருசமா அந்தக் கூட்டத்துக்குள்ளதான் நிக்கேன்.”

இத்தனை அடுக்குகள் வேண்டும் என்று இருந்த ஓர் எண்ணிக்கையில் அவள் ஒன்றைக் குறைத்திருக்கிறாள். ஐந்து வருடத்துக்கு ஒன்று. பலகையில் அந்த வரியை எழுதியபோது அவள் குரல் மாறவில்லை, சாக்பீஸ் மட்டும் கொஞ்சம் அழுத்திப் பதிந்தது. பின்வரிசையில் இருந்த மூத்த ஆசிரியர் ஒருவர், ஒரு லெம்மா, அதாவது துணைத் தேற்றம், எல்லாச் சந்தர்ப்பத்துக்கும் பொருந்துமா என்று கேட்டார். அவள் பலகையைப் பார்த்தாள். “தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்றாள் ஆங்கிலத்தில். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். என் வகுப்பறையில் எந்தப் பிள்ளையும் ‘தெரியவில்லை’ என்ற வார்த்தையை அவ்வளவு நிமிர்ந்து நின்று சொன்னதில்லை. சொல்லும்படி நான் வைத்துக்கொள்ளவில்லை. வகுப்பில் அந்த வார்த்தைக்கு நான் கொடுத்தது அடி. அதை நினைத்து அன்று எனக்கு உண்மையாகவே வலித்தது.

கனத்துக்கு மேற்பட்ட அடுக்குகளுக்கு எத்தனை போதும் என்பதும் இதே வாரிங் கணக்குதான். அதில் எங்கள் பக்கத்து மனிதர் ஒருவர் பெயர் நிலைத்திருக்கிறது. எஸ்.எஸ். பிள்ளை, சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901-ல் பிறந்தவர். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. தகப்பனார் இறந்து படிப்பு நிற்க இருந்தபோது பள்ளி ஆசிரியர் ஒருவர்தான் கைகொடுத்தார். 1927-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. 1929-லிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம். சிதம்பரத்தில் உட்கார்ந்துதான், அமெரிக்காவில் டிக்சன் செய்துகொண்டிருந்த அதே வேலையை அவரிடமிருந்து தனியாகச் செய்தார். ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்று 1940-ல் நிறுவினார். 703 என்ற எண்ணைப் பாருங்கள்: 729 பெரிது, ஆகவே பத்து 64-ம் அறுபத்து மூன்று 1-ம். சரியாக 73. அதற்குக் குறைந்து முடியாது. அதற்கு மேல் எந்த எண்ணுக்கும் தேவையில்லை. 1941-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் இருந்துவிட்டுக் கல்கத்தா போனார். பிரின்ஸ்டனுக்கும் ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்கும் புறப்பட்டவர், 1950 ஆகஸ்ட் 31-ல் கெய்ரோ அருகே விமானம் விழுந்து இறந்தார். வயது 49. ஐந்தாம் அடுக்குக்கு 37 என்று சீனாவின் சென் 1964-ல் முடித்தார். நான்காம் அடுக்குக்கு 19 என்பது 1986-ல், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரெஞ்சுக்காரர்களான தெசூயே, திரெஸ் இருவரும் சேர்ந்து முடித்தது.

பிள்ளை நின்று வேலை செய்ய 1927-ன் அந்த உதவித்தொகை வேண்டியிருந்தது. இன்றைக்கும் அதுதான் அடித்தளம். நெட் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. 2023 ஜனவரியிலிருந்து இந்த அளவு. பீடி சுற்றும் வீட்டிலிருந்து வந்த பெண், வீட்டுக்கும் அனுப்பிக்கொண்டு ஐந்து வருடம் சிறு வில்லுக்குள் நிற்க முடிந்தது இந்தப் பணத்தால். திறமை உள்ளவர் எப்படியும் மேலே வந்துவிடுவார் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வர மாட்டார்கள். டியூஷன் எடுத்துக்கொண்டு ஊரிலேயே இருந்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்தே நான்கு பேர் இருக்கிறார்கள்.

மாலை டீ குடிக்கும்போது வராந்தாவில் மலையாளம், வங்காளம், இந்தி, தமிழ் எல்லாம் கேட்டது. பலகைமுன் வந்தால் ஆங்கிலம். சுமார் 1530-ல் ஜேஷ்டதேவர் ‘யுக்திபாஷா’வை மலையாள உரைநடையில் எழுதினார், சங்கமகிராம மாதவரின் முடிவிலித் தொடர்களுக்கு அதில் வரி வரியாக நிறுவல் இருக்கிறது. உயர்ந்த கணிதம் நம் மொழிகளில் நிற்காது என்பவர்கள் அதைப் பார்க்கட்டும். தேர்வடத்தை வைத்து அவள் எனக்குச் சொன்னது சரியான கணிதம், சரியான தமிழ்.

அம்பாசமுத்திரம் திரும்பியதும் அவள் அம்மாவிடம் போனேன். தேர்வடம் கதையைச் சொன்னேன். இதுவரை யாரும் குறைக்காத ஒன்றை உங்கள் மகள் குறைத்திருக்கிறாள் என்றேன். பதினொரு நோட்டையும் சொன்னேன்.

“தப்பா போனத எல்லாம் எடுத்தா வச்சிருக்கா?” என்று கேட்டு, கொஞ்ச நேரம் முறத்தைப் பார்த்தபடி இருந்தார். “நானும் கழிவு எலைய கொட்டுததில்ல சார்” என்றார்.

அவள் பி.எஸ்சி. படித்தபோது ஒரு கோடையில் எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி முகாமுக்குப் போயிருக்காவிட்டால் இது எதுவும் இல்லை. 1993-ல் எஸ். குமரேசன் தொடங்கியது, கல்லூரி மாணவர்களுக்குக் கோடையில் நான்கு வாரம் கணிதம் சிந்திக்கப் பழக்குகிறார்கள். அவள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒட்டிய ஆசிரியருக்கு, தான் என்ன செய்தோம் என்பது இன்றுவரை தெரியாது. பி.எஸ்சி. கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களே, இந்த வருட அறிவிப்பு வந்ததும் உங்கள் துறைப் பலகையில் ஒட்டுங்கள். ஒட்டியதோடு விடாமல், பின்வரிசையில் ‘ஏன்’ என்று கேட்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, விண்ணப்பத்தைப் பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுங்கள்.