கடவுச்சொல் யார் கையில்?

வடபகுதிக் கிராமமொன்றின் ஒன்றியம் தனது இணையத்தளத்தை இழந்து நிற்பதாக அதன் செயலாளர் எனக்கு எழுதியிருந்தார். யுத்தத்தில் வீடுகளோடு அல்பங்களும் எரிந்துபோன ஊர் அது. எஞ்சிய படங்களைப் பல நாடுகளிலுமிருந்து ஊரவர்கள் அனுப்ப, அவை அத்தளத்தில் சேர்ந்திருந்தன. தாயொருவருக்குத் தம் மகனின் ஒரேயொரு படமும் அங்குதான் இருந்தது. தளத்தை அமைத்த இளைஞருக்கும் ஒன்றியத்துக்கும் இறுதித் தவணைப் பணம் பற்றிப் பிணக்கு. ஆள்களப் பெயரும் கடவுச்சொல்லும் இளைஞரிடம். எழுத்திலே ஒப்பந்தம் ஏதுமில்லை. "எங்கட பொடியன்தானே" என்ற நம்பிக்கை மாத்திரமே இருந்தது.

நியாயம் யார் பக்கம் என்று செயலாளர் கேட்டார். இருபக்கமும் என்பதே என் பதிலாயிற்று.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கின்றது. ஆக்கியவரே முதல் உரிமையாளர் என்பது பொதுவிதி. சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர் கடமையின்போது ஆக்கியது, வேறுவிதமாக உடன்படாவிடின், தொழில்தருநருக்கு உரியது. சுதந்திரமாகத் தொழில் செய்பவர் அவ்வாறான ஊழியரல்லர். எனவே பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் நிரல் நமதாகிவிடாது. உரிமையைக் கைமாற்ற எழுத்தும் ஒப்பமும் வேண்டும். பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் சுதந்திரப் புகைப்படக்காரர்கள் விடயத்தில் நாம் நெடுங்காலமாகக் காணும் சிக்கல்தான் இது.

ஆயினும் நிரல் அவருடையது என்பதால் படங்களும் அவருடையவை ஆகா. அவை நம்பிக் கையளிக்கப்பட்டவை. கோபத்தில் அவற்றை அழித்திருந்தால் விடயம் வேறாகியிருக்கும். அதிகாரமின்றித் தரவை மாற்றுவதும் அழிப்பதும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றமாகும். கூலி பாக்கி அதற்கு அனுமதிப்பத்திரமல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, பிறர் சார்பில் தரவைக் கையாள்பவருக்கும் கடமைகளை வகுத்துள்ளது.

இளைஞருடனும் பேசினேன். இரண்டாண்டு வழங்கிக் கட்டணத்தைத் தன் பையிலிருந்தே கட்டியிருந்தார். அதனைச் செயலாளர் அறிந்திருக்கவில்லை. படங்களை முதலில் அனுப்பினார். பணம் பின்னர் போய்ச் சேர்ந்தது. ஆள்களப் பெயரும் கைமாறிற்று. நீதிமன்றம் போயிருந்தால் அந்தத் தாய் எத்தனை ஆண்டுகள் காத்திருந்திருப்பாரோ!

ஒரு பக்க ஒப்பந்தம் போதும். வேலை எது, கூலி எவ்வளவு, எப்போது கையளிப்பது, நிரலின் உரிமை யாருக்கு, பின்னர் பராமரிப்பது யார் என்பன அதில் இருக்கட்டும். ஆள்களப் பெயர் வாடிக்கையாளர் பெயரிலேயே பதியப்படட்டும். தரவின் பிரதியொன்றும் அவரிடம் இருக்கட்டும். முத்திரை ஒட்டிய தாள்தான் வேண்டுமென்பதில்லை. மின்னஞ்சலில் உடன்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமற் போகாது என 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் சொல்கிறது. உரிமை மாற்றத்துக்கு மட்டும் இருவரும் ஒப்பமிட்ட பத்திரத்தைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிக்கொள்வது நன்று.

நம்மவர் என்பதற்காக எழுதாமல் விடுகிறோம். நம்மவர் என்பதற்காகவே எழுதிக்கொள்ள வேண்டும்.