சார்ப்பு இறக்குதல்

இருக்கிற வீட்டின் பின்சுவரை ஒட்டிச் சார்ப்பு ஒன்று இறக்கி, அதில் ஓர் உக்கிராண அறையோ சமையலறையோ அமைத்துக்கொள்வது அற்ப சொற்பமான காரியம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. புது வீடு கட்டுகிறவர் தம் இஷ்டம்போல் அளவு வைத்துக்கொள்ளலாம். சார்ப்பு இறக்குகிறவருக்கோ, பழைய வீட்டின் இறவாணம் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதற்குக் கீழேதான் கூரை தொடங்க வேண்டும், மனிதர் தலை இடிக்காமல் நடமாடும் உயரத்துக்கு மேலேதான் அது முடியவும் வேண்டும் என்ற இரண்டு நிர்ப்பந்தங்கள் உண்டு. அந்த இரண்டுக்கும் நடுவே எஞ்சியதைக் கொண்டுதான் சரிவைச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

தஞ்சை ஜில்லாவில் எங்கள் கிராமத்து வீட்டில் என் தாயாருக்காகச் சமையலறை ஒன்று சேர்க்க முற்பட்டபோது இது எனக்குப் பிரத்தியட்சமாக விளங்கிற்று. கூரை தொடங்கக்கூடிய உயரம் 10 அடி. அறை 8 அடி அகலமாவது இருக்க வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. இரண்டடிக்கு ஓரடி சரிவு வேண்டும் என்பது தச்சு ஆசாரியாரின் பிடிவாதம். அப்படி 4 அடி இறங்கினால் வெளிச்சுவரின் தலை 6 அடியிலேயே நின்றுவிடும். அறையை 6 அடியாகக் குறுக்கினாலோ இறக்கம் 3 அடி, சுவர் 7 அடி. சரிவைக் கொஞ்சம் தளர்த்தலாகாதா என்று கேட்டேன். “ரெண்டடி குறைஞ்சா அம்மா பொறுத்துக்குவாங்க; சரிவு குறைஞ்சா ஐப்பசி மழை பொறுக்காதுங்க ஐயா” என்றார். அறை குறுகியது.

அவர் சொன்னது முழு நியாயம். 1865-ல் பாசல் மிஷனார் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கிச் செய்யலான சிவப்பு ஓடுதான் எங்கள் கூரைக்கும்; அதை எடுத்துப் பார்த்தால், பக்கத்து ஓட்டைக் கவ்வ ஒரு வரிப்பள்ளமும், கீழ் ஓட்டின்மேல் படிய ஓர் உதடும் இருக்குமேயன்றி, நீரைத் தடுக்கும் பூச்சு எதுவும் இராது. ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று சும்மா கிடக்கின்றன. நீர் நிற்காமல் ஓடுவது ஒன்றே காவல். சரிவு குறைந்தால் நீர் அந்த உதட்டண்டை தயங்கும். வாடைக் காற்று அதை மேல்நோக்கி உள்ளே தள்ளிவிடும்.

கைமரம் அறுக்கும் விதத்தை அருகிருந்து பார்த்தேன். தரையில் நூல் பிடித்து, 6 அடியும் 3 அடியும் மூலைமட்டத்துக்கு வரைந்து, குறுக்கே அளந்தால் 6 அடி எட்டரை அங்குலம். வெளியே ஒன்றரை அடி நீளும் இறவாணத்துக்கு, சரிவின் வழியே, இன்னும் 1 அடி 8 அங்குலம். வைரம் பாய்ந்த பனங்கையில் அவ்விதம் ஒன்றை அறுத்து, சுவரின் தலையில் கிடக்கும் சட்டத்தைக் கவ்வும் பள்ளத்தை உளியால் வெட்டி, வெளிச்சம் புகாதபடி அது உட்காரும்வரை இழை இழையாகச் செதுக்கினார். மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உளியை இறங்கவிடவில்லை. மற்ற கைமரங்கள் எல்லாவற்றுக்கும் அந்த முதல் மரமே மாதிரி. கடைசியாக அறுத்ததை வைத்து அடுத்ததைக் குறித்தால், ஒவ்வொன்றிலும் அரை நூல் பிசகு சேர்ந்து, கடைசி மரத்தில் கூரை கோணிப்போகும் என்பதனால் முதல் மரத்தை அவர் பிறர் தொடாமல் தனியே சார்த்தி வைத்திருந்தார்.

ரீப்பர் அடிக்குமுன், வந்திறங்கிய ஓடுகளையே அடுக்கிப் பார்த்து இடைவெளி குறித்தார். சூளைக்குச் சூளை அளவு சற்று மாறுமல்லவா? இறவாணத்து ரீப்பரை மட்டும் கொஞ்சம் உயரமாக வைத்தார். மேல் வரிசை ஓடுகளுக்குக் கீழ் வரிசை தாங்கல். கடைசி வரிசைக்குக் கீழே ஓடில்லாததால், அந்த உயரத்தை மரமே கொடுத்தாக வேண்டும்.

எஞ்சியது பழைய சுவரும் புதிய ஓடும் சேரும் இடம். நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 150 ஓடு வேய்ந்த கூரையில், ஒழுகுமானால் பெரும்பாலும் அங்கேதான் ஒழுகும். சுவரில் காடி வெட்டி, ஓட்டின்மேல் கவியும்படி சுண்ணாம்புப் பட்டை பிடித்து, வெயிலில் வெடிக்காமல் பல நாள் ஈரம் காட்ட வேண்டும். அவசரக்காரர்கள் இதை ஒரு பொழுதில் முடித்துவிட்டுப் பிறகு ஓட்டின்மேல் பழிபோடுகிறார்கள். மரம் காற்றுக்கும் வெயிலுக்கும் அசைந்துகொடுக்கும், சுவர் அசையாது. ஆகையால் எவ்வளவு ஜாக்கிரதையாகப் பூசினாலும் அங்கே மயிரிழை விரிசல் காணக்கூடும். புரட்டாசி முடிவதற்குள் ஏணி வைத்து ஏறி அந்தப் பட்டையைப் பார்த்து, விரிசல் கண்ட இடத்தைச் சுரண்டிப் பூசிவிடுவதை எங்கள் வீட்டில் வருஷந்தோறும் தவறாத கடமையாக வைத்திருக்கிறோம்.