வகிடு

வெள்ளிக்கிழமை எண்ணெய் வைக்கும்போது அத்தையின் உச்சந்தலைக்கு இடப்பக்கம் வந்ததும் என் விரல் தானாக நின்றுவிடும். எட்டணாக் காசு அகலத்துக்கு முடியே இல்லாத இடம். ஆரஞ்சுத் தோல் மாதிரி மஞ்சளாக இருக்கும். பிறவியிலேயே வந்தது. "கிரகணத்தன்னைக்கு உங்க அப்பத்தா தலையச் சொறிஞ்சிட்டா" என்பாள். வலப்பக்கம் வகிடெடுத்து, முடியை இடப்பக்கம் தள்ளி மறைத்துக்கொண்டுதான் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்தாளாம்.

வயசுக்கு வந்தபின் அது பாகற்காயாய்ச் சொரசொரத்தது. யாடாசோன் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர் 1895-இலேயே எழுதிவைத்த மச்சம்தான். சுரப்பிகள் மிகையாகத் திரண்ட தோல். அதில் பின்னாளில் முளைப்பவை பெரும்பாலும் சாதுவானவை, புற்றுநோய் நூற்றில் ஒன்றுகூட இல்லை என்கிறார்கள்.

அந்த ஒன்று எங்கள் வீட்டுச் சீப்பில் வந்து உட்கார்ந்தது. அத்தைக்கு அப்போது ஐம்பத்து மூன்று. மிளகளவு கருமுத்து, சீவும்போதெல்லாம் பல்லில் ரத்தம். எட்டு மாதம் களிம்பு தடவச் சொன்னவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சதை எடுத்து அனுப்பியதில் 'பேசல் செல் கார்சினோமா' என்று வந்தது. வேறெங்கும் அனேகமாகப் பரவாது. விட்டால் இருந்த இடத்தையே அரிக்கும்.

மச்சம் முழுவதையும் சேர்த்து, முத்தைச் சுற்றி நாலு மில்லிமீட்டராவது நல்ல தோல் வருமாறு டாக்டர் ஊதா மையால் கோடு போட்டார். பிறகு அங்கிருந்து காதுப்பக்கம் வரை அரிவாள் மாதிரி ஒரு நீள வளைவு.

"காசளவு ஓட்டைக்கு அரைத் தலைய அறுக்கணுமா?"

"வயித்துத் தோல் மாதிரி இது இழுத்தா வராதும்மா, அடியில கெட்டியான சவ்வு. சுத்தித்தான் கொண்டாரணும். தொடைத் தோல் வச்சு ஒட்டலாம், ஆனா முடி முளைக்காது."

ரத்த ஓட்டம் அறாமல் தோலைத் திருப்பும் வித்தை நம் பக்கத்தில் பழசு. புனேயில் ஒருவரின் அறுபட்ட மூக்கை நெற்றித் தோலால் கட்டியதை 1794-இல் லண்டன் இதழ் ஒன்று படத்தோடு போட்டது. அத்தையிடம் சொன்னேன். "எனக்கு மூக்கு இருக்கு" என்றாள்.

தையல் பிரித்து ஆறு மாதம். மறுபடி வெள்ளிக்கிழமை, எண்ணெய்க் கிண்ணம். விரல் பழைய இடத்தில் நிற்கிறது, அங்கே முடி. திருப்பி வைத்த தோல் அல்லவா, மற்றதெல்லாம் பின்னால் படிய, அது மட்டும் காதைப் பார்த்துச் சாய்கிறது. சீப்புக்கு அடங்கவில்லை.

"எந்தப் பக்கம் வகிடெடுக்க அத்தை?"

கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.