பாம்பில்லாத பச்சை நாட்டிலே பத்து நாட்கள்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய ஜேக்கப்ஸ் பிஸ்கட் டின் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். பிஸ்கட் தீர்ந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் அந்த டின்னை யாரும் தூக்கிப் போடுவதில்லை. பிறப்புப் பத்திரம், நகை ரசீது, ஊசி நூல், தாத்தாவின் ஒரே புகைப்படம் எல்லாம் அதற்குள்தான் அடைக்கலம். எங்கள் டின் என் மாமியாரின் லயத்து வீட்டிலிருந்து வந்தது. சிறு வயதில் காய்ச்சல் கண்டால்தான் அந்தப் பிஸ்கட் கிடைக்கும் என்று என் துணைவியார் சொல்வார். அதற்காகவே காய்ச்சல் வரவேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டதும் உண்டாம்!

ஜேக்கப்ஸ் முதன்முதலில் தோன்றிய நாடு அயர்லாந்து. 1851ஆம் ஆண்டு வாட்டர்போர்ட் என்ற ஊரில் தொடங்கிய தொழில் அது. நாம் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிடும் கிரீம் கிராக்கர் 1885இல் டப்ளின் நகரில் செய்யப்பட்டது. இதை ஒருநாள் வகுப்புக்காகப் படித்துவிட்டு வீட்டில் வந்து சொன்னேன். அன்றைக்குப் பிடித்தது வினை. துணைவியார் ஐந்து ஆண்டுகள் கூட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "என்னங்க, கல்யாணமாகி இருபது வருசமாச்சு. அந்த பிஸ்கட்டு ஊரைப் பார்த்துட்டு வந்திடுவோம்" என்றார். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. பள்ளி விடுமுறையில் பத்து நாள் பயணம் முடிவாயிற்று.

டப்ளின் பெரிய நகரம். பெரிய நகரங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். அதைப்பற்றி அதிகம் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன். ரயில் நகரத்தை விட்டு வெளியே வந்ததும்தான் நாங்கள் சன்னலோரம் ஒட்டிக்கொண்டோம். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை! நம் செம்பனையின் கரும்பச்சை அல்ல. நாற்றங்காலில் முளைவிட்ட நெல்லின் பச்சை. புல்வெளி, கல்வேலி, ஆடு, மறுபடி புல்வெளி. எல்லாவற்றின் மேலும் மழை.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் மழை நமக்கு அந்நியமல்ல. விடியற்காலையில் மழை பிடித்தால் வெட்டில்லை, வெட்டில்லையென்றால் அன்றைய சம்பளமும் இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஆண்டுக்கு 1000 முதல் 1400 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. நம் நாட்டில் அதைவிட அதிகம். ஆனால் நம் மழை கோபக்காரக் கங்காணி மாதிரி வந்து ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அவர்கள் மழையோ நாள் முழுக்க முணுமுணுக்கும் பாட்டி. மேற்குப் பகுதியில் ஆண்டுக்கு 225 நாட்கள் வரை மழை நாட்களாம். அட்லாண்டிக் பெருங்கடலின் ஈரக்காற்று நேரே வந்து அந்த மலைகளில் மோதுவதால் வரும் வினை இது. சாரலில் நனைந்துகொண்டே தபால்காரர் எங்களைப் பார்த்து, "இன்று மென்மையான நாள்" என்றார். தூறலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது! யாரும் வேலையை நிறுத்தவில்லை. குடைகூடப் பிடிக்கவில்லை. எங்கள் குடையை மட்டும் காற்று இரண்டாம் நாளே திருப்பிப் போட்டு உடைத்தது.

உங்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று. அந்த நாட்டுக் காடுகளில் பாம்பே கிடையாது! பேட்ரிக் என்ற புனிதர் எல்லாப் பாம்புகளையும் கடலுக்குள் விரட்டினார் என்று கதை சொல்கிறார்கள். உண்மைக் காரணம் வேறு. பனியுகம் முடிந்து நிலம் வெதுவெதுப்பானபோது, பாம்புகள் வந்து சேரும் முன்பே கடல் குறுக்கிட்டுவிட்டது. இதைக் கேட்டதும் இருபது வருடம் பால்மரம் வெட்டிய தாயின் மகளான என் துணைவியார் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் உயரப் புல்லில் நடந்தார். குளிரில் கால் விறைத்ததே தவிர முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

சாப்பாடு? உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கு. ஒரே தட்டில் மூன்று விதமாக வைத்தார்கள். கொண்டுபோன மாங்காய் ஊறுகாய் காப்பாற்றியது. தேநீர் மட்டும் நம் ஊரைப்போல் கெட்டியாகப் பால் ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

அந்த உருளைக்கிழங்குக்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது, வாசகர்களே. 1845இல் ஒருவகைப் பூஞ்சணம் போன்ற நோய் பரவிக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிற்று. ஏழைகளுக்கு அதைவிட்டால் வேறு உணவில்லை. தானியமும் கால்நடையும் விளையாமல் இல்லை. விளைந்தன. அவை துறைமுகம் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தன. நாட்டை ஆண்டது பிரிட்டிஷ் அரசு, நிலம் பெரும்பாலும் நிலச்சுவான்தார்கள் கையில். சில ஆண்டுகளுக்குள் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். 1841இல் அந்தத் தீவின் மக்கள்தொகை சுமார் 82 லட்சம். இன்றுவரை அந்த எண்ணிக்கையை அது எட்டவில்லை.

அவர்கள் கப்பலேறிய கோவ் துறைமுகத்துக்குக் கார்க் நகரிலிருந்து சின்ன ரயிலில் போனோம். 1849இல் விக்டோரியா ராணி வந்ததால் குவீன்ஸ்டவுன் என்று பெயர் மாற்றப்பட்டு, பின்பு விடுதலைக் காலத்தில் பழைய பெயரையே பெற்ற ஊர் இது. 1912இல் டைட்டானிக் கடைசியாக நின்று போனதும் இங்கேதான். எல்லோரும் டைட்டானிக்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு மனத்தில் நின்றது கரையோரத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் சிலை. ஆனி மூர் என்று பெயர். இரண்டு தம்பிகளோடு கப்பலேறி 1892 ஜனவரி முதல் தேதி அமெரிக்காவின் எல்லிஸ் தீவில் முதல் ஆளாக இறங்கிப் பதிவானவள்.

பயணம் போகிறவனுக்கு முதல்நாள் இரவு அந்நாட்டுக் கிராமங்களில் என்ன செய்வார்களாம் தெரியுமா? செத்த வீட்டில் விழித்திருப்பதுபோல் விடியும்வரை விழித்திருப்பார்களாம். திரும்பி வரமாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும். இதை அங்குள்ள பொருட்காட்சியில் படித்தபோது துணைவியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறியபோது, கரையில் நின்ற தாய் தலையவிழ்த்து ஒப்பாரி வைத்தாளாம். வீட்டில் பலமுறை கேட்ட கதைதான். அன்றுதான் எங்களுக்கு அது முழுதாகப் புரிந்தது.

கடைசி மூன்று நாள் டிங்கிள் என்ற மேற்குமுனை ஊரில் தங்கினோம். அங்கே சாலைப் பலகைகள் ஐரிஷ் மொழியில் மட்டுமே இருக்கின்றன. அதனால் இரண்டு தடவை வழி தவறினோம். தவறியதில் எனக்குச் சந்தோஷம். தாய்மொழிக்குச் சட்டத்தில் முதலிடம் கொடுத்திருக்கிறது அந்நாடு. பள்ளியில் பெரும்பாலான பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனாலும் 2022 கணக்கெடுப்பின்படி, பள்ளிக்கு வெளியே அதைத் தினமும் பேசுகிறவர்கள் 72,000 பேர்கூட இல்லை. ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கு இந்தக் கணக்கைப் படிக்க எப்படியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அங்கிருந்து பார்த்தால் கடலுக்குள் பிளாஸ்கெட் என்ற தீவு தெரியும். படகில் போக ஆசைப்பட்டோம். அலை பெரிதாக இருந்ததால் படகு ஓடவில்லை. மழையில் பாறைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கூரையில்லாத வீட்டுச் சுவர்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. ஒரு காலத்தில் 150 பேருக்குமேல் வாழ்ந்த தீவு. இளையவர்கள் அமெரிக்கா போனார்கள். 1941இல் பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. 1947இல் ஓர் இளைஞன் நோயுற்றபோது கடல் கொந்தளித்து டாக்டர் வரமுடியாமல் இறந்துபோனான். 1953இல் மிஞ்சியிருந்த 22 பேரையும் அரசாங்கம் கரைக்கு மாற்றியது.

பள்ளி மூடியது என்று படித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் தோட்டமும் விற்கப்பட்டுவிட்டது. லயங்களில் ஓட்டுக்கூரை சரிந்து கிடக்கிறது. என் பள்ளியில் இன்று 17 பிள்ளைகள். அடுத்த ஆண்டு முதல் வகுப்புக்கு இருவர் வரலாம் என்று எதிர்பார்க்கிறேன்.

ஆனால் அந்தத் தீவுக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். எழுதி வைத்தார்கள்! தோமாஸ் ஓ கிரிஹன் என்ற மீனவர் தம் வாழ்க்கையை எழுதி 1929இல் புத்தகம் வந்தது. பெய்க் சேயர்ஸ் என்ற மூதாட்டிக்கு அவருடைய மொழியில் எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதினார். 1936இல் அது நூலாகி, பிறகு பல காலம் பள்ளிப் பிள்ளைகளின் பாடமாகவும் இருந்தது. மாடு செத்தது, கிழங்கு தோண்டியது, பிள்ளையைப் பறிகொடுத்தது, இவைதான் விஷயம். ராஜா ராணி கதையல்ல.

ஊர் திரும்பியதும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளை, அங்கே மழை பேஞ்சா வேலைக்குப் போறாங்களா?" என்பதுதான். போகிறார்கள் என்றேன். "பாவம்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் நாற்பது பக்கப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரருகே உட்கார்ந்தேன். "அத்தை, நீங்கள் பிறந்த லயத்தைப் பற்றிச் சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதையெல்லாம் யாரு படிக்கப்போறா?" என்று சிரித்தார். துணைவியார் டப்ளினிலிருந்து வாங்கிவந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மாமியார் தேத்தண்ணியில் நனைத்தார்.

"எழுதிக்குங்க. எங்க லயம் ஆத்தோரம் இருந்திச்சி. எட்டாம் நம்பர் வீடு…"

இப்போது மூன்றாவது புத்தகம் ஓடிக்கொண்டிருக்கிறது.