காதுக்குள் எண்ணெய் வேண்டாம்

எங்கள் ஆலங்குடிப் பக்கம் பிள்ளை ராத்திரியில் காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டால், இன்னமும் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிவிடும்.

மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சிறுபிள்ளைகளுக்குக் குட்டை, சரிவும் குறைவு. சளியில் அது அடைத்தால் உள்ளே நீர் தேங்கிச் சீழ் பிடிக்கும். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தால் செவிப்பறை சிவந்து புடைத்திருப்பது தெரியும். வலிக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். ஆன்டிபயாடிக் எல்லாருக்கும் தேவைப்படாது. டாக்டர் எழுதினால் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

சீழ் வடிந்தாலோ காதுக்குப் பின்னால் வீங்கினாலோ உடனே புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். காது சரியாகக் கேட்டால்தான் பிள்ளைக்குப் பேச்சு வரும், படிப்பும் ஏறும்.