பரளச்சிக்கு ஒரு கனத்த பிரயாணம்

உபாத்தியாயர் என்றால் ஜனங்களின் மனத்தில் ஒரு சித்திரம் உண்டு. கையில் குடை, கக்கத்தில் திருத்தாத காம்போசிஷன் நோட்டுகள், எண்ணெய் காணாத ஒரு சைக்கிள். நாற்பத்தாறாவது வயதில் நான் அந்தச் சித்திரத்தைக் கெடுத்துவிட்டேன். 241 கிலோ எடையுள்ள ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிவிட்டேன்!

மாடியில் ஓர் அறை கட்டுவதற்காகப் பதினோரு வருஷம் சேர்த்து வைத்த பணம் அது. விஷயத்தைத் தயங்கித் தயங்கிப் பிரஸ்தாபித்தபோது என் மனைவி சண்டை போடவில்லை. "அறை கட்டினால் அதில் நாலு பேர் படுக்கலாம். இதில் யார் படுப்பது?" என்று மட்டும் கேட்டாள். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நான் வாங்கிய வண்டி 'க்ரூஸர்' என்னும் ஜாதியைச் சேர்ந்தது. கடற்படையில் நெடுந்தூரம் சுற்றிவரும் கப்பலுக்கு உள்ள பெயர் அது. அமெரிக்காவில் பிறந்த ரகம். 1903-ல் மில்வாக்கி நகரில் தோன்றிய ஹார்லி-டேவிட்சன் முதலிய வண்டிகள், வளைவே இல்லாமல் நாள் கணக்கில் ஓடும் அந்நாட்டுச் சாலைகளுக்குத் தகுந்தவாறு வளர்ந்து இந்த உருவத்தை அடைந்தன. ஆசனம் தாழ்ந்திருக்கும், என் வண்டியில் தரையிலிருந்து 74 சென்டிமீட்டர்தான். கால்களை முன்னே நீட்டி, கைகளைச் சற்று உயர்த்தி, சாய்வு நாற்காலியில் அமர்வதுபோல் அமர வேண்டும். இரண்டு சக்கரங்களின் அச்சுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் நீளம். அதனால் நேர்ச் சாலையில் அசையாமல் செல்லும். சந்து முனையில் திருப்புவதென்றாலோ, மாட்டு வண்டியைத் திருப்புகிற நிதானம் வேண்டும்.

உருவம் அமெரிக்காவினுடையது, பெயர் இங்கிலாந்தினுடையது, பிறப்பு நம் செங்கற்பட்டுச் சீமையிலே. 'ராயல் என்ஃபீல்ட்' மோட்டார் சைக்கிள்கள் 1901-ல் முதலில் உருவானது இங்கிலாந்தில், ஊசி செய்வதற்குப் பேர்போன ரெடிச் என்னும் ஊரில். 1955-ல் அந்தக் கம்பெனியாரும் மதராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்ட் இந்தியா'வைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் 'புல்லட்' உருவாகத் தொடங்கியது. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் தாய்க் கம்பெனியே மூடிப்போயிற்று. திருவொற்றியூரிலோ தொழில் நிற்கவில்லை; 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே வண்டிகளை அனுப்பத் தொடங்கினார்கள். கற்றுக்கொடுத்தவன் கடையை மூடிய பிறகு கற்றுக்கொண்டவன் அவன் ஊரிலே கொண்டுபோய் விற்றான் என்றால், சுதேசி அபிமானமுள்ள எவருக்கும் சற்று மார்பு நிமிராதா? 2023-ல் விற்பனைக்கு வந்த 'சூப்பர் மீட்டியர் 650' என்னும் ரகந்தான் என்னுடையது. இரட்டைச் சிலிண்டர், 648 சி.சி.

இப்படிப்பட்ட வண்டியை வாங்கியவர்கள் எல்லாரும் லடாக்குக்குப் போகிறார்கள். நான் பரளச்சிக்குப் போனேன்.

காரணம் உண்டு. என் தகப்பனாரும் உபாத்தியாயர். அருப்புக்கோட்டைக்குத் தென்கிழக்கே, பரளச்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பல வருஷம் வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. வண்டியை வாங்கிய பெருமையை யாரிடமாவது காட்ட வேண்டும் அல்லவா? அவர் இல்லை, அவர் நடந்த மண்ணிடமாவது காட்டலாம் என்று நினைத்தேன்.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டேன். நகரத்துக்குள் இந்த வண்டி ஒரு தண்டனை. சிக்னலுக்குச் சிக்னல் அத்தனை பாரத்தையும் இரண்டு கால்களில் தாங்கி நிற்க வேண்டும். கிளட்சைப் பிடித்துப் பிடித்து இடது கை மரத்துப் போகும். பெட்ரோல் செலவைப் பற்றி வீட்டில் நான் பேசுவதே இல்லை. ஆனால் காரியாபட்டி தாண்டி வெளி திறந்தவுடன் எல்லாம் மாறிவிடுகிறது. எழுபது கிலோமீட்டர் வேகத்தில் யந்திரம் உறுமுவதில்லை, மெல்ல முனகுகிறது. அத்தனை பாரமும் எங்கே போயிற்று என்று தெரிவதில்லை. நின்றால் மலை, ஓடினால் தெப்பம். எதிர்க்காற்று மார்பிலே மோதும்போது, நாற்பத்தாறு வயதும் பத்தாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களும் பின்னாலே வெகுதூரத்தில் நின்றுவிடுகின்றன. உள்ளதைச் சொன்னால், இதற்காகத்தான் அந்தப் பணத்தைச் செலவழித்தேன்.

நெசவாளரின் ஊராகிய அருப்புக்கோட்டையில் காபி சாப்பிட்டேன். அங்கிருந்து கிழக்கே போனால் திருச்சுழி. 1879-ல் ரமண மகரிஷி பிறந்த ஸ்தலம். பதினாறு வயதில், அண்ணாவின் கல்லூரிச் சம்பளத்துக்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டைச் சீட்டு எழுதி வைத்துவிட்டு, 1896-ல் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்டவர். நானோ மாடியறைப் பணத்தில் ஒரு ரூபாயும் மிச்சம் வைக்கவில்லை! ஆகையால் திருச்சுழிப் பக்கம் திரும்பத் துணியாமல் பரளச்சிச் சாலையில் வண்டியை விட்டேன்.

அந்தச் சீமையை அழகு என்று சொல்லப் பழக வேண்டும். மலை இல்லை, சோலை இல்லை. இருபுறமும் கரிசல். முதல் மழைக்குப் பிறகு அது கறுத்துக் குளிர்ந்து கிடந்தது. பருத்தியும் சோளமும் விதைத்த காடுகள்; அங்கங்கே பனைகள்; பாதி நிரம்பிய கண்மாய்; மற்ற இடமெல்லாம் வேலிக்கருவை. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரந்தான். வானம் பார்த்த பூமியில் விளைச்சல் பொய்த்த வருஷங்களில் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டு எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன. நிலத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பதும் அதுவேதான்.

பரளச்சியை நெருங்குகையில், தகப்பனார் ஒரு காலத்தில் காட்டிய ஓடை கண்ணில் பட்டது. சாலையை விட்டுச் சற்று இறக்கி, கரிசல் ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். பக்கவாட்டு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு நாலடி நடந்திருப்பேன். 'பொதுக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். ஸ்டாண்டு மண்ணுக்குள் இறங்கிவிட்டது. என் மாடியறை, எருமைபோல் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தது!

தூக்கும் முறை எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். வண்டியை கியரில் போட்டு, முதுகை ஆசனத்தில் அணைத்து, குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் ஹாண்டில்பாரையும் மற்றொரு கையால் பின்சட்டத்தையும் பற்றி, கால் பலத்தால் பின்னோக்கி அடியெடுத்து வைக்க வேண்டும். கெட்டித் தரைக்கு அது சரி. ஈரக் கரிசலில் வண்டி எழவில்லை. நான்தான் சறுக்கிச் சறுக்கி மண்ணுக்குள் போனேன். மூன்று முறை முயன்ற பிறகு மூச்சு வாங்கியது. பாதரக்ஷை ஒவ்வொன்றும் இரண்டு படி மண்ணைச் சுமந்தது. அப்போதுதான் ஒன்று புரிந்தது: நான் சொந்தமாக வைத்திருக்கும் பொருளை என்னால் தூக்க முடியாது.

கருவை வெட்டிக்கொண்டிருந்த மூன்று பேர் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு கிழவி. நாலு பேர் கை கொடுத்ததும் வண்டி பூப்போல் எழுந்துவிட்டது. கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கரிசல்ல கொண்டாந்து ஒத்தக் கால்ல நிறுத்தலாமாய்யா? மழை பெஞ்சா மாடு கட்டுன மொளைக்குச்சியே நிக்காதே!" என்றாள். பிறகு ஓரத்தில் கிடந்த ஒரு பனஞ்சிறாயைக் கொண்டுவந்து ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தாள். வண்டி அசையாமல் நின்றது.

நான் உபாத்தியாயர் என்று தெரிந்ததும் அவள் ஒன்று சொன்னாள். முன்னொரு காலத்தில், மழை நாளில், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்த ஓடையைக் கடந்து பள்ளிக்கூடம் போகும் வாத்தியார் ஒருவர் இருந்தாராம். இந்தச் சீமையில் வெயிற்காலத்தில் மனிதன் சைக்கிளில் ஏறுவான். மழைக்காலத்தில் சைக்கிள் மனிதன்மேல் ஏறும் என்று தகப்பனாரும் சொல்வதுண்டு. அந்தக் காலத்தில் இங்கே வேலை பார்த்த வாத்தியார்கள் எல்லாரும் அப்படித்தான் போயிருப்பார்கள். ஆகையால் அவர் என் தகப்பனார்தான் என்று சாதிக்க நான் துணியவில்லை. ஆயினும் ஓடையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்களுக்குப் பணம் கொடுக்க முயன்றேன். வாங்க மறுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும், "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க சார்" என்றார். பரளச்சிக் கடைத்தெரு வரையில் அவரைப் பின்னால் ஏற்றிச் சென்றேன். வழி நெடுக அவர் பேசவேயில்லை. இறங்கும்போது, "தேரு மாதிரி இருக்கு" என்றார். தேர் என்பது சரியான வார்த்தை. ஒருவன் இழுத்து ஓடுகிற தேர் எந்த ஊரில் இருக்கிறது?

இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட்டேன். சேறு படிந்த வண்டியையும் என்னையும் என் மனைவி மாறி மாறிப் பார்த்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அறைக்கு நாலு பேர் கணக்குச் சொன்னேன். இதற்கும் நாலு பேர் வேண்டியிருக்கிறதாக்கும்!" என்றாள். பிறகு, நான் எதிர்பாராத விதமாக, "அடுத்த தடவை நானும் வருகிறேன். அந்தக் கிழவிக்கு ஒரு புடவை எடுத்துக்கொண்டு போவோம்" என்று சொன்னாள்.

மாடியறைக்கு மறுபடியும் முதல் மாதப் பணம் போட்டாயிற்று. பனஞ்சிறாய் வண்டிப் பையில் இருக்கிறது.