சாணை

பேனாக்கத்தி என்ற சொல்லில் பேனா ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பறவை இறகைச் சீவி எழுதிய காலத்தில் ஐரோப்பியர்கள் அதற்கென்று வைத்திருந்த சின்னக் கத்தி அது. இறகு போய் உலோக நிப்பு வந்தபின் கத்தி தன் வேலையை மாற்றிக்கொண்டது. பென்சில் சீவிற்று, கடித உறை கிழித்தது, மாங்காய் நறுக்கிற்று. பெயர் மட்டும் மாறவில்லை. நான் வேலை பார்க்கும் வங்கியில் பழைய காசாளர்களின் மேஜை இழுப்பறையில் ஆளுக்கொரு மடக்குக்கத்தி இருக்குமாம். நோட்டுக் கட்டில் அடித்திருக்கும் ஸ்டேப்பிள் கம்பியை நெம்பி எடுப்பதற்கு. 2001 நவம்பரில் ரிசர்வ் வங்கி, நோட்டுக் கட்டுகளுக்கு இனிக் கம்பி அடிக்கக் கூடாது, காகிதப் பட்டை சுற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. கத்திகள் ஓய்வு பெற்றன. வழியனுப்பு விழா நடந்ததாகத் தகவல் இல்லை.

ஒரு சாதனம் இப்படி வேலையிழப்பதில் எனக்குப் பெரிய துக்கம் ஏதும் கிடையாது. வேலை போனால் சாதனமும் போகும். எனக்குத் தொந்தரவு தருவது வேறு விஷயம். வேலை போன பிறகும், செய்த பட்டறை மூடிய பிறகும், அந்தப் பொருளை விடாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன். இதை நாம் விசுவாசம் என்கிறோம். அந்த விசுவாசம் பொருளை என்ன செய்கிறது என்று சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்க வைத்தது ராம்பூர்.

உத்தரப் பிரதேசத்து ராம்பூருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று ரஸா நூலகம். 1774ல் ராம்பூர் சமஸ்தானத்தை நிறுவிய நவாப் ஃபைசுல்லா கானின் சேகரிப்பில் தொடங்கி, அரபி, பாரசீகக் கையெழுத்துப் பிரதிகளுக்குப் பேர்போன இடமாக வளர்ந்தது. இன்னொன்று கத்தி. வடக்கே 'ராம்பூரி' என்று மட்டும் சொன்னால் போதும், மடக்குக்கத்தி என்று அர்த்தமாகிவிடும். துப்பாக்கி வந்து வாளுக்கு வேலை குறைந்தபோது ஆயுதம் செய்த கைகள் இந்தக் கத்திக்குத் திரும்பின என்று சொல்கிறார்கள். ஒன்பது அங்குலத்திலிருந்து பன்னிரண்டு அங்குலம் வரை அலகு. பட்டனை அழுத்தித் திறக்கும் ஜாதி ஒன்று; பற்சக்கரம் கடகடவென்று ஓசையிடத் திறக்கும் ஜாதி இன்னொன்று. எழுபதுகளின் ஹிந்திப் படங்கள் அந்த ஓசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. வில்லன் பேசுவதற்கு முன் அவன் கத்தி பேசிற்று.

சினிமா கத்திக்குப் புகழ் தந்தது. அந்தப் புகழே போலீஸுக்குக் காரணமும் தந்தது. 1962ஆம் வருஷத்து ஆயுத விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட அலகை, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனவை நீங்கலாக, ஆயுதக் கணக்கில் சேர்த்தன. டெல்லி நிர்வாகம் 1980ல் பட்டன் கத்திக்கும் பற்சக்கரக் கத்திக்கும் 7.62 சென்டிமீட்டரில் கோடு போட்டது. தொண்ணூறுகளில் உத்தரப் பிரதேச அரசு நாலரை அங்குலத்துக்கு மேல் கூடாது என்றது. பன்னிரண்டு அங்குலத்தில் சிந்தித்துப் பழகிய கை நாலரை அங்குலத்துக்குள் என்ன செய்யும்? பிறகு சீனத்திலிருந்து மலிவுக் கத்திகள் வந்தன. பட்டறைகள் மூடத் தொடங்கின. மகன்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள்.

இது எங்கும் நடப்பதுதான். இதற்கப்புறம் நடந்ததுதான் விசேஷம். 2023 மார்ச்சில் ராம்பூர் நகரின் சாலைச் சந்திப்பு ஒன்றில் கத்திக்கே சிலை வைத்தார்கள். பித்தளையும் எஃகும் சேர்த்துச் செய்த ஆறு மீட்டருக்கு மேற்பட்ட ராம்பூரிக் கத்தி. எட்டரை குவிண்டால் எடை, செலவு ஐம்பது லட்சத்துக்கு மேல். சந்திப்புக்கும் 'சாக்கூ சௌக்' என்று பெயரிட்டார்கள். நாலரை அங்குலத்துக்கு மேல் கூடாது என்று தடுக்கப்பட்ட பொருள் அரசாங்கத்தின் ஆசியோடு இருபதடி வளர்ந்து நிற்கிறது. யார் கையிலும் பிடிக்க முடியாது, யார் பையிலும் போகாது, எதையும் வெட்டாது. எனவே ஆட்சேபணை இல்லை.

சென்ற வருஷம் எல்.டி.சி.யில் நைனிடால் போகும் வழியில், நூலகத்தைப் பார்க்கவென்று ராம்பூரில் ஒரு நாள் இறங்கினோம். என் மனைவிக்கு அதில் முழுச் சம்மதமில்லை. சிலையின் கீழே குடும்பம் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைத்தெருவில் கத்தி விற்கும் ஒரு சின்னக் கடையில் என் அரைகுறை ஹிந்தியில் விசாரித்தேன். சிலை வந்த பிறகு வியாபாரம் எப்படி? படம் எடுக்க வருகிறார்கள், வாங்குவதில்லை என்றார். பிறகு அவராகவே இன்னொன்று சொன்னார். வருகிறவர்களில் இரண்டு தினுசு. ஒரு தினுசு, பழைய நீளக் கத்தி இருக்கிறதா என்று ரகசியமாகக் கேட்கும், சுவரில் மாட்டிவைக்க. இன்னொரு தினுசு, அப்பன் பாட்டன் காலத்துச் சிறு கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவரும், ஸ்பிரிங் மாற்ற, ஆணி இறுக்க. இரண்டாவது தினுசு கொடுக்கிற கூலி சொற்பம்தான், ஆனால் அவர்கள் வரும் நாட்களில்தான் கைக்கு வேலை இருக்கிறது என்றார். நான் படித்த எத்தனையோ விமர்சனக் கட்டுரைகளில் இவ்வளவு துல்லியமான பாகுபாட்டைக் கண்டதில்லை.

என் விசுவாசம் வேறு ஊர்க் கத்தியிடம். என் அம்மாவின் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவுக்குப் போய்விட்டு, பென்ஷனோடும் இரண்டு மெடல்களோடும் ஒரு மடக்குக்கத்தியோடும் தவளக்குப்பத்துக்குத் திரும்பியவர். கத்தியின் மேல் எழுதியிருப்பது லகியோல். அந்த ஊர்க்காரர்கள் சொல்வது லயோல். தென் பிரான்சில் ஓப்ராக் மேட்டுநிலத்தில் ஒரு கிராமம். 1829ல் கால்மெல் என்பவர் அங்கே முதல் கத்தியைச் செய்ததாகக் கணக்கு. 1840 வாக்கில் அலகோடு ஒரு துளையூசி சேர்ந்தது. வயிறு ஊதிப்போன மாட்டுக்குக் குத்திக் காற்றை இறக்க. 1880ல் தக்கைத்திருகி சேர்ந்தது. குளிர்காலத்தில் பிழைப்புத் தேடிப் பாரிஸ் மதுக்கடைகளுக்குப் போன அந்த மலைநாட்டுக்காரர்களுக்காக. ஒரு கிராமத்தின் ஜீவனம் முழுவதும் ஒரு பிடிக்குள் மடங்கியிருந்தது. எங்கள் தாத்தாவுக்கு மாடு கிடையாது. தக்கைத்திருகியைப் பற்றி ஆயா இருந்தவரை வீட்டில் பேச முடியாது.

தாத்தா அதை வாங்கிய ஐம்பதுகளில் அந்தக் கிராமத்திலேயே கத்தித் தொழில் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. அந்தப் பெயரில் வந்தவற்றில் பெரும்பாலானவை தியேர் நகரத்துப் பட்டறைகளில் செய்தவை. 1987ல்தான் கிராமத்தில் மறுபடி ஒரு தொழிற்சாலை எழுந்தது. 1993ல் பாரிஸ் பக்கத்து வியாபாரி ஒருவர் ஊரின் பெயரையே வியாபாரக் குறியாகப் பதிவு செய்துகொண்டு, வெளிநாட்டில் செய்த சாமான்களுக்கெல்லாம் அதைச் சூட்ட ஆரம்பித்தார். கிராமம் வழக்குப் போட்டு 2012ல் தோற்றது. இனி எங்களுக்குப் பெயரில்லை என்று ஜனங்கள் தங்கள் ஊர்ப்பலகையையே கழற்றினார்கள். 2019ல்தான் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பதிவுகளை ரத்து செய்தது. ராம்பூரில் பொருள் போய் உருவம் பெருத்தது. இங்கே பொருளை விட்டுப் பெயர் தனியாக ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது.

இதொன்றும் தாத்தாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டார். அவருக்கு அது லயோல் அல்ல, கத்தி. பனங்கிழங்கு பிளந்தார், நுங்கு சீவினார், துளையூசியால் பெல்ட்டில் ஓட்டை போட்டார், இடுப்பு இளைக்க இளைக்க மேலும் ஓட்டைகள் போட்டார். ஸ்பிரிங்கின் முனையில் தேனீ மாதிரி ஒரு வேலைப்பாடு இருக்கும். அவர் அதை ஈ என்பார். நாங்கள் சிரிப்போம். அந்த உறுப்பைப் பிரெஞ்சுக் கொல்லர்களும் ஈ என்றுதான் குறிப்பிடுகிறார்கள் என்று பின்னால்தான் படித்தேன். துரு ஏறாத எஃகு அல்ல அது. மாங்காயின் புளிப்பிலும் இந்தக் கடற்கரைக் காற்றிலும் கறுத்துப்போயிருந்தது. கறுப்பு அவரை உறுத்தவில்லை, மழுங்கினால் மட்டும் பொறுக்க மாட்டார்.

அவர் போன பிறகு ஆயா கத்தியை மெடல்களுக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரியில் வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் படத்துக்கு வைக்கும் பூவில் ஒன்று அதற்கும் கிடைத்தது. அவளுக்குப் பின் அது என்னிடம் வந்தது. பாரிஸ் பக்கத்தில் இருக்கும் மாமா போனில் சொன்னார்: "எடுத்து எதையும் வெட்டாத. சாணை கீணை பிடிச்சிடாத. இங்கியே இப்ப இந்த மாதிரி கெடைக்கிறதில்ல. அப்பா ஞாபகமா அப்படியே இருக்கட்டும்."

எங்கள் தெருவுக்கு மாதத்தில் ஒரு நாள் சைக்கிளில் சாணைக்காரர் ஒருவர் வருகிறார். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மிதித்தால் கல் சுற்றும். அரிவாள்மனை, கத்தரிக்கோல் எல்லாம் அவரிடம் போகும். முன்போல் வாராவாரம் வருவதில்லை. மழுங்கினால் தூக்கிப்போட்டுப் புதிது வாங்குவது மலிவு என்று ஆகிவிட்டது. தாத்தாவின் கத்தியை அவரிடம் காட்டி, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று கேட்டேன். விரலால் அகலம் பார்த்தார். "பாதி போயிடுச்சு சார். பாத்து வச்சா உங்க பையன் காலம் வரைக்கும் வரும். வைக்கவே இல்லன்னா எப்பவும் இருக்கும். ஆனா வெட்டாது."

மாமாவுக்கும் சாணைக்காரருக்கும் இடையில் இருப்பது ஒரு வீட்டு விவகாரம் மட்டும் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. கத்தியைக் கத்தியாக வைத்திருக்க வேண்டுமென்றால் அதைத் தேய்த்தாக வேண்டும். ஒவ்வொரு சாணையிலும் கொஞ்சம் எஃகு பொறியாகப் பறந்துபோகிறது. எஃகைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கூர்மையை விட்டுவிட வேண்டும்.

இதற்குத் தமிழிலேயே பழைய சாட்சி உண்டு. மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலை வாரும் கத்தி. இரண்டையும் மடக்கிப் பிடிக்குள் அடக்கிவிடலாம். உ.வே. சாமிநாதையர் தம் சரித்திரத்தில் எழுத்தாணி வகைகளைச் சொல்லும் இடத்தில் இதையும் விவரிக்கிறார். நமது பேனாக்கத்தி அதுதான். பேனாவும் கத்தியும் நிஜமாகவே ஒரே உடம்பில். அச்சு பரவிய பின் ஓலை போயிற்று, ஓலையோடு அதுவும் போயிற்று. அதைச் செய்த கொல்லர்கள் பெயர் பொறிக்கவில்லை, பதிவு செய்யவில்லை, சிலையும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கருவி ஒரு காரியம் செய்துவைத்திருக்கிறது. ஓலை சில நூறு வருஷங்களில் இற்றுப்போகும். இற்றுப்போகும் முன் யாரோ ஒருவன் புது ஓலை வாரி மறுபடி எழுதியதால்தான் சங்கப் பாட்டு நம்மிடம் வந்தது. பத்திரமாக வைத்திருந்ததால் மட்டும் அல்ல. பக்தியோடு வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் ஐயர்தான் சாட்சி. கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகளைத் தேடிப் போனபோது, பழைய ஏடுகளைக் கண்டபடி போடக்கூடாதென்று சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொல்லக் கேட்டதை எழுதியிருக்கிறார். மரியாதையில் குறை ஒன்றும் இல்லை. ஏடுதான் இல்லை.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் சிலருக்காவது நான் எங்கே வருகிறேன் என்பது புரிந்திருக்கும். பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். அவர் இருந்த வீடு இன்று அருங்காட்சியகம், சிலையும் உண்டு. பாரதிதாசனுக்கும் அவ்விதமே. நூற்றாண்டு விழா எடுக்கிறோம், மலர் போடுகிறோம், மலரில் யாரும் யாரோடும் முரண்படுவதில்லை. ஒரு கவியின் இன்ன பாட்டு இன்று நிற்கவில்லை, இன்ன வரி இன்னும் அறுக்கிறது என்று எழுதினால் அவருடைய விசுவாசிகள் மாமாவின் குரலில் பேசுகிறார்கள்: சாணை பிடிக்காதே, அப்படியே இருக்கட்டும். விமர்சனம் எழுத்தாளனைத் தேய்க்கிறது என்ற அவர்கள் பயம் பொய்யல்ல. தேய்க்கத்தான் செய்கிறது. சிறிது ஒவ்வொரு தடவையும் போகிறது, சிலரிடம் மிஞ்ச ஒன்றுமே இருப்பதில்லை. ஆனால் மிஞ்சுவதைக் கொண்டுதான் எதையாவது வெட்ட முடியும். நம் சிறிய வட்டமும் இதற்கு விலக்கல்ல. நமக்குப் பிடித்த பத்துப் பேரை நாமும் கண்ணாடிக்குள் வைத்து, வெள்ளிக்கிழமைப் பூ சாத்திக்கொண்டிருக்கிறோம். முந்நூறு பிரதி அச்சடிக்கும் பத்திரிகையிலும் இருபதடிச் சிலை வைக்க இடம் இருக்கிறது.

நான் சாணை பிடிக்கச் சொன்னேன். பொறி பறந்தது. கறுப்பின் ஓரத்தில் நூல் கனத்துக்கு வெள்ளை தெரிந்தது. இப்போது கத்தி என் சட்டைப் பையில் இருக்கிறது. வங்கியில் மதியம் பழம் நறுக்குகிறேன், வீட்டில் பையனுக்குப் பென்சில் சீவித் தருகிறேன். அவனுக்கு இன்னும் அதன் பெயர் தெரியாது, கத்தி என்றுதான் கேட்டு வாங்குகிறான். மாமா டிசம்பரில் லீவில் வருகிறார். அலமாரியைத் திறந்து பார்ப்பார். பையிலிருந்து எடுத்துக் காட்டத்தான் போகிறேன். அவர் கடைசியாகப் பார்த்ததைவிட அலகு ஒல்லியாக இருக்கும்.